மாப்பிள்ளை அடியும் மீட்டர் முள்ளும்

அளவில்லாத கருணை உடையவனின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இப்போது முகம் வாடி நிற்கிறார்கள். பழைய எஞ்சினில் கை தேர்ந்தவர்கள்தான். புதிதாக வந்த எஞ்சினைத் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. "இந்த வயசுல போயி சின்னப் பயகிட்ட கேக்கணுமா பாய்?" என்று ஒருவன் என்னிடம் கேட்டான். நேரில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று தொழில் பார்த்தவன். முதலில் காஸ் லைட், பிறகு டைனமோ, கடைசியாக லாஞ்சு எஞ்சின். ஒவ்வொன்றிலும் வெட்கப்பட்டிருக்கிறேன். நடுவில் பட்ட வெட்கம்தான் பெரியது.

1. காஸ் லைட்

சுதந்திரம் வந்த வருஷம் கீழக்கரையில் சொந்தமாக காஸ் லைட் வாடகைக்கு விடத் தொடங்கினேன். டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி, மேண்டில் கட்டி, பம்ப் அடித்து எரிக்கிற விளக்கு. மேண்டில் என்பது எரிந்து சாம்பலாகிப்போன துணிப் பைதான். அந்தச் சாம்பல்தான் வெளிச்சம் தரும். பக்கத்தில் நின்று பலமாகத் தும்மினால் போதும், உதிர்ந்துவிடும்.

தெருமுனையில் விளக்கு வரும்போதே அதன் இரைச்சலைக் கேட்டு, நிப்பிளில் அடைப்பா, பம்ப் வாஷர் காய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். ஊரில் எனக்கு 'லைட்டுக் காதர்' என்று பெயர். கல்யாணம், மவுலூது, கந்தூரி, எதுவாக இருந்தாலும் முதலில் என் வாசலுக்குத்தான் ஆள் வரும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எங்கள் ஊர் லைட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'மாப்பிள்ளை அடி' என்று பெயர். மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வந்து, அவர் வலது காலை எடுத்து வைக்கப்போகும் நேரம் பார்த்து, எல்லா விளக்குக்கும் பம்ப்பில் பலமாக அடிப்போம். மங்கிக் கிடந்த விளக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று பொங்கும். ஜன்னல் இடுக்கில் நிற்கும் பெண்டுகள் மாப்பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதே அந்த வெளிச்சத்தில்தான். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அவன் லைட்டுக்காரனே இல்லை. நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. யாரும் சொல்லாமலே என் கை தானாக எழுந்துவிடும்.

விளக்குகளைத் தலையில் சுமந்து வர ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவன் பாண்டி. சாயல்குடிப் பக்கம் மழை பார்க்காத ஊர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் எரியும் விளக்கை வைத்து அசையாமல் நடப்பான். இருந்தும் நான் அவனை விரட்டிக்கொண்டே இருப்பேன்.

"ஏலே பாண்டி, தலைய ஆட்டாதல! மேண்டிலு என்ன உங்க அய்யா வீட்டுச் சொத்தா?"

"ஆட்டலண்ணே, எறும்பு கடிக்குது."

"கடிச்சா கடிக்கட்டும். அதுக்கும் சேத்துத்தான் ஒனக்குச் சோறு."

ஒரு நாள் அவன் வந்து, ராமநாதபுரத்தில் சொக்கலிங்கம் என்ற முதலாளி மைக் செட்டும் டைனமோவும் வைத்திருக்கிறார், அங்கே வேலைக்குப் போகிறேன் என்று சொன்னான். நாங்கள் டீக்கடையில் நின்றிருந்தோம். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி நான் சிரித்தேன்.

"கம்பியில வர்ற வெளிச்சத்த நம்பி எவன்டா நிக்காஹ் வைப்பான்? போ, போ. ஒரு மாசத்துல சும்மாட்டத் தேடிக்கிட்டு வந்து நிப்ப."

அவன் டீக் கிளாஸை வைத்துவிட்டுப் போனான். கடையில் இருந்தவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

2. பாண்டியிடம் போனது

சில வருஷத்தில் எல்லாம் மாறியது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் பல்பு தோரணமும் குழாய் ஸ்பீக்கரும் இல்லாமல் இல்லை என்று ஆனது. பெரிய கடைத்தெருவில் கரண்டு கம்பம் நட ஆரம்பித்தார்கள். என் விளக்குகள் சாக்குக்கு அடியில் கிடந்தன. ஏழை வீட்டு விசேஷத்துக்கு ஒன்று இரண்டு போகும். அங்கே வாடகை கேட்கவே நாக்கு கூசும்.

என் மனைவி ரஹ்மத்துதான் சொன்னாள். "ஏங்க, பாண்டி இருக்குற எடத்துலயே போயிக் கேளுங்களேன்."

"அவன் என் வெளக்கச் சொமந்தவன்டி."

"ஆமா. இப்ப நம்ம வீட்டு அடுப்பு எரியணும்ல. அதையும் கொஞ்சம் சொமக்கட்டும்."

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சொக்கலிங்கம் முதலாளி கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். கறுத்த, ஒடிசலான மனிதர். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். பாண்டி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "நம்ம காதர் அண்ணன் மொதலாளி. கீழக்கரையில பெரிய லைட்டுக்காரக" என்று சொன்னான். அந்தப் 'பெரிய' எனக்குச் சுருக்கென்றது. அவன் மனதில் கள்ளம் இல்லை. என் மனதில்தான் இருந்தது.

முதலாளி என்னை டைனமோவைச் சுழற்றும் எஞ்சின் பக்கம் போட்டார். சொல்லிக்கொடுக்கச் சொன்னது பாண்டியை. எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, பெல்ட் எப்படி மாட்டுவது என்று அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைக் காட்டி, "இதுதாண்ணே திராட்டில். போர்டுல மீட்டர் முள்ளு இருக்கு பாருங்க. செவப்புக் கோட்டுகிட்ட நிக்கணும், தாண்டக் கூடாது. கண்ணு எப்பவும் முள்ளு மேலயே இருக்கணும். பல்பப் பாக்காதீங்க" என்றான்.

நான் தலையாட்டினேன். ஆனால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். வெளிச்சத்தைப் பார்க்காதே என்று எனக்கு இவன் சொல்லுவதா என்று உள்ளுக்குள் எரிந்தது. ஒரு வார்த்தை, "ஏன் பாக்கக் கூடாது?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம்.

முதலாளி மட்டும் ஒன்று சொன்னார். "காதரு, இன்னம் ரெண்டு கல்யாணம் பாண்டிகூட நின்னு பாரு. அப்பறம் ஒன்ன எஞ்சினுல தனியா விடுறேன். சரியா வந்தா நெரந்தரமா வச்சுக்கிருவேன்."

இரண்டாவது கல்யாணம் கீழக்கரையில் வந்தது. அதுவும் என் தெருவுக்கு அடுத்த தெருவில், ஹாஜியார் வீட்டில்.

3. ஹாஜியார் வீட்டு வாசல்

ஹாஜியார் ஊரில் மதிப்பான மனிதர். அவர் வீட்டு முந்தைய கல்யாணங்களுக்கெல்லாம் என் காஸ் லைட்தான் போயிருந்தது. எஞ்சினையும் டைனமோவையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து பக்கத்துச் சந்தில் இறக்கினோம். அங்கிருந்து பந்தலின் பல்பு வரிசைகளும் வாசலும் நன்றாகத் தெரியும். முதலாளி பந்தலில் இருந்தார். குழாய் ஸ்பீக்கர் சரியாகப் பேசாததால் பாண்டி ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க முன்பக்கம் போனான்.

"கொஞ்ச நேரம் பாத்துக்கங்கண்ணே. முள்ளு அண்ணே, முள்ளு."

"தெரியும்டா. போ."

அந்தி மஃரிபு தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பல்பெல்லாம் எரிந்தன. எனக்கு அவை மங்கலாகத் தெரிந்தன. காஸ் லைட்டின் பால் வெள்ளையில் பழகிய கண்ணுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் எண்ணெய் தீர்ந்த விளக்குபோல இருந்தது. ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. சந்தின் முனையில் நின்ற கூட்டத்தில் தெரிந்தவர்கள் சிலர் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"யாரு, நம்ம லைட்டுக் காதரா? என்னப்பா எஞ்சினுகிட்ட ஒக்காந்திருக்க?"

"கம்பிய நம்பி எவன் நிக்காஹ் வைப்பான்னு சொன்னது நீதானே மச்சான்?"

இன்னொருவன் சொன்னான்: "மாப்ள வாசலுக்கு வந்தாச்சு. மாப்ள அடி எங்கனப்பா? எஞ்சினுக்கு அதெல்லாம் வராதோ?"

மாப்பிள்ளை காலைத் தூக்கினார். என் கை தானாக எழுந்தது. திராட்டிலைப் பிடித்து, பம்ப் அடிக்கிற அதே வேகத்தில் ஒரே இழுப்பு இழுத்தேன்.

எஞ்சின் அலறியது. பந்தல் முழுக்கப் பகல்போல வெளிச்சம். கூட்டம் "ஆ!" என்றது. மாப்பிள்ளையின் முகம், பூமாலை, ஹாஜியாரின் வெள்ளைத் தாடி எல்லாம் கண்ணாடிபோலத் தெரிந்தன. ஒரு நொடி என் நெஞ்சு பூரித்தது. பொய் சொல்லக் கூடாது, பூரித்தது.

பிறகு டப் என்றது. அடுத்து டப், டப், டப் என்று வரிசையாக, பட்டாசுச் சரம்போல. கூட்டத்தின் தலையில் கண்ணாடி கொட்டியது. குழந்தைகள் வீறிட்டு அழுதன. ஸ்பீக்கர் ஒரு முறை கரகரத்து அடங்கியது. பல்போடு ஆம்ப்ளிஃபையர் வால்வுகளும் போய்விட்டன. பாண்டி டார்ச்சோடு இருட்டில் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினான். முள்ளை மட்டும் ஒரு முறை பார்த்தான்.

அல்லாஹ்வின் காவல், யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் கல்யாண வாசல் இருட்டாகிவிட்டது. மாப்பிள்ளை ஒற்றைக் காலை வாசலுக்குள் வைத்தபடி அப்படியே நின்றார்.

4. என்னைப் பாராட்டினார்கள்

யாரோ கத்தினார்கள்: "காதரு, ஒன் வெளக்கு வீட்டுலதானே கெடக்கு?"

ஓடினேன். வீட்டில் ரஹ்மத்து சாக்கை விலக்கி விளக்குகளை வெளியே எடுத்து வைத்திருந்தாள். பல்பு வெடித்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. பம்ப் வாஷருக்கெல்லாம் அவள் அவ்வப்போது தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. உறவுக்காரப் பையன்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கினார்கள். நான் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்து, பம்ப் அடித்து, ஒவ்வொன்றாக எரித்தேன். மாப்பிள்ளை அடுத்த காலை எடுத்து வைத்தார். அப்போதும் யாரோ "மாப்ள அடி!" என்று கூவ, நான் அடித்தேன். விளக்குகள் பொங்கின. தெருவே சிரித்தது.

ஹாஜியார் என் தோளில் கை போட்டார். "ஒனக்கு எதுக்குப்பா இந்த டைனமோச் சனியன்? நீ ஒன் தொழிலப் பாரு. எங்க வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் இனி ஒன் வெளக்குத்தான். இது என் வார்த்தை." சுற்றி நின்றவர்கள் "மானத்தக் காப்பாத்திட்டான் காதரு" என்றார்கள். மானத்தை வாங்கியவனும் நானேதான் என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் பேசவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சொக்கலிங்கம் முதலாளி சந்தில் எஞ்சின் பெட்டிமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் பாண்டி குனிந்து, நான் உடைத்த கண்ணாடிச் சில்லுகளை ஓர் ஓலைப் பெட்டியில் பொறுக்கிக்கொண்டிருந்தான். "வெறுங்காலு, பாத்து வாங்க. வெறுங்காலு, பாத்து வாங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பொறுக்க வெளிச்சம் தந்தது என் காஸ் லைட்.

அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. நான் ஒரு சில்லைக்கூடப் பொறுக்கவில்லை. தோளில் ஹாஜியாரின் கை இருந்தது. அதை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் தெருவில் என்னைப் பார்த்தால் "டப்பு! டப்பு!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். லைட்டுக் காதர் 'டப்பு காதர்' ஆனேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகக் கூசி, வீட்டிலேயே மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். மனுசர் முகத்துக்கு வெட்கப்பட்டு, அழைத்த இறைவனின் வீட்டுக்குப் போகாமல் இருந்தேனே என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட இன்று என்னை அதிகமாகத் தலைகுனிய வைக்கிறது. அவன் மன்னிப்பானாக.

5. முதுகு காட்டி உட்கார்ந்தது

ஹாஜியாரின் வார்த்தை இனிப்பாக இருந்தது. ராமநாதபுரம் போக வேண்டாம், பாண்டி முகத்தில் விழிக்க வேண்டாம். விளக்கைத் துடைக்க உட்கார்ந்தேன். ரஹ்மத்து எதிரே வந்து நின்றாள்.

"இந்தத் தெருவுக்குக் கம்பம் எப்ப வருதாம்?"

"வரட்டும். ஹாஜியார் வாக்குக் குடுத்திருக்காக."

"அவுக வாக்குக் குடுத்தாக. அவுக மகன் நேத்து வயரிங்குக்கு ஆளு தேடிக்கிட்டு இருந்தாக." விளக்கை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "பாண்டிக்குக் கையில கண்ணாடி கிழிச்சுச்சாமே. போயிப் பாத்தீகளா?"

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

கடையில் நான் நுழைந்ததும் முதலாளி தலையைத் தூக்காமலே பேசினார்.

"எதுக்கு வந்த? ஊரே ஒன்னத் தூக்கி வச்சு ஆடுதாம்ல."

"தப்பு என்னுதுதான் மொதலாளி."

"பல்பு போனா வாங்கிக்கிரலாம். வால்வு போனா மதுரையில கெடைக்கும். நீ முள்ளப் பாக்கலையே, அத எந்தக் கடையில வாங்குறது?"

நான் பாண்டியின் பக்கம் திரும்பினேன். கையில் துணி சுற்றியிருந்தான். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பாண்டி, எனக்குத் தெரியாது. முள்ளு ஏன் கோட்டத் தாண்டக் கூடாதுன்னு தெரியாது. சொல்லிக்குடு" என்றேன்.

அவன் திகைத்துப்போனான். முதலாளிதான் சிரித்தார். "டீ சொல்லுடா பாண்டி. இன்னக்கித்தான் இவன் வேலைக்குச் சேந்திருக்கான்."

பாண்டி பொறுமையாகச் சொன்னான். பல்புக்குள் இருக்கும் இழைக்கு ஓர் அளவு உண்டு. காஸ் லைட் அடித்த அளவுக்குக் கொடுக்கும். பல்பு அப்படி அல்ல, அளவு மீறினால் ஒரு நொடி கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். கேட்டபோது இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவைக் கேட்கவா இத்தனை நாள் ஆனது என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாண்டி என் ஸ்டூலைப் பந்தலுக்கு முதுகு காட்டித்தான் போடுவான். எனக்கு எதிரே மீட்டர் மட்டும். வெளிச்சத்தையே பார்த்துச் சம்பாதித்தவன், எத்தனையோ மாப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல், ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆரவாரம் கேட்கும்போதெல்லாம் கை துடிக்கும். கீழக்கரையில் வேலை என்றால் பின்னாலிருந்து 'டப்பு' என்ற குரலும் வரும். திரும்ப மாட்டேன். சொக்கலிங்கம் முதலாளி என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். காயில் சுற்றவும் மோட்டார் பிரித்து மாட்டவும் அங்கேதான் கற்றேன். எல்லாம் பாண்டியிடம்தான்.

6. லாஞ்சு

ஊருக்கு ஊர் கம்பம் வந்ததும் டைனமோவுக்கும் வேலை குறைந்தது. பாண்டி மதுரையில் ஒரு மில்லுக்குப் போனான். அறுபதுகளின் தொடக்கத்தில் ராமேஸ்வரம் கரையில் பாய்மர வல்லத்துக்குப் பதிலாக டீசல் எஞ்சின் வைத்த லாஞ்சுப் படகு இறங்க ஆரம்பித்தது. எஞ்சின் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. கடலில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிறவன்.

அந்தோணி என்ற சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீழக்கரை பாயா? அங்கன டப்பு காதருன்னு ஒரு ஆளு இருக்காராமே, தெரியுமா?"

"நான்தான் சம்மாட்டி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு கேட்டேன்: "டீசல் எஞ்சின் எனக்குப் புதுசு. இதுல எங்க பாக்கணும்னு மட்டும் யாராவது சொல்லிக்குடுங்க."

எஞ்சின் பொருத்த வந்த ஃபிட்டர் சொன்னார். அவருக்கு மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. புது எஞ்சின், பிஸ்டன் பழகும்வரை வேகம் கூட்டக் கூடாது. உப்புக் காற்றில் மீட்டர் துருப்பிடித்துவிடும், அதை நம்பக் கூடாது. படகின் பக்கவாட்டுக் குழாயில் கூலிங் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எஞ்சினை நிறுத்து. "ஏன்?" என்று கேட்டேன். தண்ணீர் இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும் என்று சொன்னார். இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறையும் சொன்னார்.

லாஞ்சை இறக்கிய அன்று பாதிரியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். நான் என் மனதுக்குள் பிஸ்மி சொல்லி எஞ்சினை எடுத்தேன். கரையில் அந்தோணியின் சொந்தபந்தம் முழுக்க நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். லாஞ்சு மெள்ள, மிக மெள்ள நகர்ந்தது. பக்கத்தில் பாய் விரித்துப் போன ஒரு வல்லம் எங்களைத் தாண்டியது. அதிலிருந்தவர்கள் கையைத் தட்டிக் கத்தினார்கள்.

"என்ன பாய், லாஞ்சு நோம்பு பிடிக்குதா?"

"கயிறு போடவா? கட்டி இழுத்துக்கிட்டுப் போறோம்!"

கரையும் சேர்ந்து சிரித்தது. அந்தோணிக்கு முகம் கறுத்துவிட்டது. "பாய், ஒரு முறுக்கு முறுக்குங்க. எல்லாரும் பாக்குறாக. ஒரே ஒரு முறுக்கு."

பிள்ளைகளே, என் கை எழுந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஹாஜியார் வீட்டு வாசலில் எழுந்த அதே மாதிரி எழுந்தது. பழைய தொழில் கையை விட்டுப் போகாது. புதிய தொழிலில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதைப் பிடித்து நிறுத்தும். கேட்பதற்குப் படுகிற வெட்கம் ஒரு டீ ஆறும் நேரம்தான் இருக்கும். கேட்காமல் இருந்து பட்ட வெட்கத்தை நான் இதோ, எழுதும்போதும் படுகிறேன்.

வலது கையை இடது கையால் பிடித்து மடிமேல் வைத்துக்கொண்டேன்.

"என்ன பாய், வல்லத்துக்காரன் சிரிக்கிறான். வெக்கமா இல்லையா?"

"வெக்கமாத்தான் இருக்கு சம்மாட்டி" என்றேன். பக்கவாட்டுக் குழாயைக் காட்டினேன். "தண்ணி விழுது பாருங்க."